வீட்டில் நாலு பேர், டிவி ஒன்று: எதைப் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஒன்பதேகால் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சின்னக் கேள்விதான், ஆனால் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை இரவுகளை அது தின்றுகொண்டிருக்கிறது.

நாங்கள் நாலு பேர். நான், கணவர், பதின்மூன்று வயது மகன், என் மாமியார். அத்தைக்கு எழுபத்தைந்து ஆகிறது. காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க" என்பார். வாரம் முழுக்க ஆளுக்கொரு திசை என்பதால், சனிக்கிழமை இரவு மட்டுமாவது ஒன்றாக உட்கார்ந்து ஏதாவது பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

நடப்பது என்ன தெரியுமா? ஒன்பதேகாலுக்கு உட்காருவோம். ரிமோட் மகன் கையில். ஒரு போஸ்டர், ஒரு டிரெய்லர், "இது வேண்டாம்." இன்னொரு போஸ்டர், இன்னொரு டிரெய்லர், "இது பார்த்தாச்சு." பத்து மணிக்குக் கணவர் சோபாவிலேயே தூங்கிவிடுவார். மகன் போனை எடுத்துக்கொள்வான். போன வாரம் கடைசியில் நானும் அத்தையும் மட்டும், ஏதோ ஒரு சானலில் ஓடிக்கொண்டிருந்த, மூன்று தடவை பார்த்த படத்தின் கடைசி அரை மணி நேரத்தை நாலாவது தடவையாகப் பார்த்துவிட்டு எழுந்தோம்.

அதற்கு முந்தின வாரம் இன்னும் மோசம். 'குடும்பச் சித்திரம்' என்று போட்டிருந்தது. போஸ்டரில் ஒரு குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. சரி என்று போட்டோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு காட்சி. ரிமோட் சோபா இடுக்கில் விழுந்து கிடக்கிறது. அத்தை சட்டென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், அந்தக் காட்சி முடிகிற வரைக்கும் துடைத்தார். மகன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து நான் எந்தப் படத்தைச் சொன்னாலும், "பலூன் படம் மாதிரியாம்மா?" என்று கேட்கிறான்.

தொடர்களையும் தொட்டுப் பார்த்தாயிற்று. ஐந்து ஆரம்பித்தோம், ஐந்தும் நடுவில் நிற்கின்றன. ஒன்றை மட்டும் நானும் கணவரும் விடாமல் மூன்று சீசன் பார்த்தோம். அப்புறம்தான் தெரிந்தது, நாலாவது சீசன் வரப்போவதே இல்லை என்று. கதாநாயகி ஒரு கதவைத் திறக்கிறாள். கதவுக்குப் பின்னால் யார் என்பது இந்த ஜென்மத்தில் தெரியாது.

கேள்வி இதுதான். உங்கள் வீட்டில் யார், எப்போது, எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? மதிப்பெண்களை நம்பலாமா? டப்பிங்கா, சப்டைட்டிலா? படப் பட்டியல் கேட்கவில்லை, பட்டியல் என்னிடம் நூற்று நாற்பது இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

ரீவைண்ட்

சகோதரிக்கு, நான் பதினோரு வருடம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். இந்தக் கேள்வியைத் தினமும் இருபது பேர் என்னிடம் கேட்பார்கள். "நல்ல படமா ஒண்ணு குடுங்க." அந்த 'நல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் பாதி, திரும்பி வந்த கேசட்டுகளிடமிருந்து கற்றுக்கொண்டது. 'ரீவைண்ட் செய்து தரவும்' என்று பலகை மாட்டியிருந்தேன். யாரும் செய்ய மாட்டார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். அப்புறம் ஒருநாள் உறைத்தது: ரீவைண்ட் செய்யாத கேசட், அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று காட்டிக்கொடுக்கிறது. நாடா இடது சக்கரத்தில் கனமாக இருந்தால் ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வலது பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் கடைசி வரை பார்த்திருக்கிறார்கள்.

ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். கேன்ஸில் பரிசு வாங்கியது, ஆஸ்கர் வாங்கியது என்று கேட்டுக் கேட்டு எடுத்துப் போவார். திங்கட்கிழமை திரும்பி வரும்போது நாடா இடது பக்கத்தை விட்டு நகர்ந்திருக்காது. அதாவது இருபது நிமிடம். அவரே போகிற போக்கில் "பையனுக்கு" என்று ஒரு நகைச்சுவைப் படமும் எடுப்பார். அது மட்டும் பெயர்கள் ஓடுகிற இடம் வரை வந்து நிற்கும். "போன வாரப் படம் எப்படி சார்?" என்றால், "ஆஹா, என்ன ஒளிப்பதிவு" என்பார். நான் மறுத்ததில்லை. இருபது நிமிடத்தில் ஒளிப்பதிவு தெரிந்துவிடும்தானே.

அவருக்குப் பிறகு நான் எல்லோரிடமும் மூன்றே கேள்வி கேட்க ஆரம்பித்தேன். நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? யார் யார் உட்காரப் போகிறீர்கள்? கடைசியாக எந்தப் படத்தை முழுசாகப் பார்த்தீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். 'பிடித்த படம் எது' என்று கேட்டால் கௌரவத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள். 'முழுசாகப் பார்த்தது எது' என்றால் யோசித்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, உண்மையைச் சொல்வார்கள். உங்கள் நூற்று நாற்பதையும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நூறு உதிர்ந்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. ஒன்பதேகாலுக்கு உட்காருகிறீர்கள், பத்து மணிக்கு ஐயா தூங்குகிறார். இதில் ரசனைக் கோளாறு எதுவும் இல்லை, இது கடிகாரக் கோளாறு. அரை மணி முன்னால் உட்காருங்கள், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாத படத்தை எடுங்கள். அந்த அளவில் உலகத்தரமான படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. '12 ஆங்ரி மென்' 1957-இல் வந்தது, 96 நிமிடம். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள், கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஒரு பையனின் உயிரை வைத்து வாதாடுகிறார்கள். 'ஹை நூன்' 1952, 85 நிமிடம்; கதைக்குள் இருக்கிற கடிகாரமும் உங்கள் சுவர்க் கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும். 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்ற 1997 ஈரானியப் படமும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அண்ணன் தங்கைக்கு ஒரே ஜோடி ஷூ, அவ்வளவுதான் கதை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, கண்ணாடி துடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் படங்கள் இரண்டரை மணி நேரம் போகிறதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. நம்மவர்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே கதை எழுதுகிறார்கள். முதல் பாதி ஒரு முடிச்சில் வந்து நிற்கும். அந்த இடத்தில் அணைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சொல்லப்போனால் ராத்திரி முழுக்க வீட்டில் அதே பேச்சாக இருக்கும். இடைவேளை வைக்காமல் எடுத்த வெளிநாட்டுப் படத்தை அப்படி நடுவில் வெட்டினால் மறுநாள் ஒட்டாது.

தொடர்களுக்கு, முதல் காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பாருங்கள். 'செர்னோபில்' (2019) ஐந்தே அத்தியாயம். கொரியத் தொடர்கள் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினாறு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரச் சொச்சம். 'தி வயர்' ஐந்து சீசன், அறுபது அத்தியாயம், 2002-இல் தொடங்கி 2008-இல் முடிந்தது. சனிக்கிழமைக்கு ஒன்று என்று பார்த்தால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அது தப்பில்லை, ஆனால் தெரிந்து ஏற வேண்டும். 'லிமிடெட் சீரிஸ்' என்று போட்டிருந்தால் கதை அதற்குள் முடிந்துவிடும் என்று அர்த்தம். அப்படிப் போடவில்லை என்றால், கடைசி சீசன் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் போன துக்கம் எனக்கும் உண்டு. என் காலத்தில் இரண்டு கேசட் படத்தில் இரண்டாவது கேசட்டை எவராவது தொலைத்துவிடுவார்கள்.

தூங்கிப் போகிறவர் உள்ள வீட்டுக்கு இன்னொரு வகை பொருந்தும்: அத்தியாயத்துக்கு ஒரு கதை. 1980-களின் கடைசியில் போலந்து தொலைக்காட்சிக்காக இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த 'டெக்கலாக்' பத்து அத்தியாயம், பத்துத் தனிக் கதை, எல்லாம் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில். ஒன்றில் தூங்கிவிட்டாலும் அடுத்ததில் தொலைந்துபோக மாட்டீர்கள். ஆனால் கனமான சரக்கு. பையனோடு பார்க்கிற சனிக்கிழமைக்கு அல்ல, நீங்கள் இருவரும் மட்டும் இருக்கிற நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கிற முறைக்கு என் யோசனை: ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவே கூடாது. வாரம் ஒருவர் முறை. அவர் சனிக்கிழமை மதியத்துக்குள் நாலு பெயர் எழுதி ஒட்ட வேண்டும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை அடிக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. மிஞ்சுகிற ஒன்றுதான் அன்றைய படம். டிரெய்லர் கிடையாது.

இரண்டுவரி

அக்கா, ரீவைண்ட் ஐயா எழுதினதை ரசித்துப் படித்தேன். ஆனால் உங்கள் அத்தையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அவர்கள் முணுமுணுவென்றுதான் பேசுகிறார்கள்.

நான் சப்டைட்டில் எழுதுகிறவன், நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு வசனத்தையே கேட்டுக்கொண்டிருப்பவன். படத்தின் ஒலியைத் திரையரங்குக்காகக் கலக்கிறார்கள். 5.1 என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு, அடி ஒலிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் முன்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில்தான் வரும். உங்கள் டிவியில் அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது. இருக்கிற இரண்டும் ஒல்லி டிவியின் அடியிலோ முதுகிலோ ஒளிந்துகொண்டு தரையையோ சுவரையோ பார்த்துப் பேசுகின்றன. போதாக்குறைக்கு, கிசுகிசுப்புக்கும் குண்டுவெடிப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி திரையரங்குக்கு வைத்த அளவு. வீட்டில் வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டினால், அடுத்த காட்சியில் கார் வெடித்துத் தூங்குகிறவரை எழுப்பும். (உங்கள் வீட்டில் அது நல்லதோ என்னவோ.)

செய்ய வேண்டியது: ஆடியோ பட்டியலில் 5.1-க்குப் பக்கத்தில் வெறும் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் அதை எடுங்கள். டிவியின் ஒலி செட்டிங்ஸில் 'நைட் மோட்', 'டயலாக்', 'கிளியர் வாய்ஸ்' என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். அத்தையின் நாற்காலியைச் சோபாவுக்கு முன்னால் இழுத்துப் போடுங்கள். காதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், 'டிவி சரியில்லை' என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை.

டப்பிங்கா சப்டைட்டிலா என்று கேட்டீர்கள். எனக்குச் சோறு போடுவது சப்டைட்டில் என்றாலும், எல்லாப் படத்துக்கும் சப்டைட்டில்தான் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் எழுதுவதற்கு இடம் ரொம்பக் குறைவு. இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வரியில் இத்தனை எழுத்து, திரையில் இத்தனை விநாடி என்று கட்டுப்பாடு. ஆகவே பேசுவதைச் சுருக்கித்தான் போடுகிறோம். பேச்சு மழையாகக் கொட்டுகிற நீதிமன்றக் கதையை, மெதுவாக வாசிக்கிற ஒருவர் சப்டைட்டிலில் பார்த்தால் முகங்களையே பார்க்க நேரமிருக்காது. நல்ல டப்பிங் கிடைத்தால் அதை எடுங்கள். பேச்சு குறைவான படத்துக்குச் சப்டைட்டில் போதும், நடிகரின் சொந்தக் குரலும் கிடைக்கும். அனிமேஷனுக்குத் தயங்காமல் டப்பிங். வரைந்த உதடுதானே, யார் பேசினாலும் யாரோ பேசுவதுதான். 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) மாதிரிப் படங்களில் வாசிக்கிற நேரத்தைப் படத்தைப் பார்க்கச் செலவிடலாம். உங்கள் மகன் முதலில் "சின்னப் பசங்க படம்" என்பான். என் தம்பியும் சொன்னான்.

சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னால் கறுப்புப் பட்டை வைக்கலாம். செட்டிங்ஸில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்ப்பதில்லை. 'காது கேளாதோருக்கான' சப்டைட்டில் என்று தனியாக ஒன்று இருந்தால் அதில் 'கதவு தட்டும் ஓசை', 'தூரத்தில் ரயில்' என்றெல்லாம் சேர்த்து வரும். அத்தைக்கு அது உதவலாம், கணவருக்கு எரிச்சலாக இருக்கலாம்.

கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது டிவியில் பழைய படம் ஏனோ மெகா சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறதா? விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுத்த படத்துக்கு நடுநடுவே டிவி தானாகச் சட்டங்களைக் கற்பனை செய்து சொருகுகிறது. 'மோஷன்' என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கும், அணைத்துவிடுங்கள். 2018-இல் டாம் குரூஸே இதற்காக ஒரு வீடியோ வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். அணைத்த பிறகு எங்கள் அப்பா, "இப்பதான் சினிமா மாதிரி இருக்கு" என்றார்.

கணக்கு வாத்தியார்

மதிப்பெண் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில்.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்று பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. நூறு விமர்சகர்களில் தொண்ணூற்றைந்து பேர் 'தேறும்' என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அத்தனை பேரும் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று அரைமனதாகச் சொன்ன படத்துக்குக்கூட நூறு சதவீதம் வரும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் காறித் துப்பிய படத்துக்கு ஐம்பது. தனியாகப் பார்க்கும்போது எனக்கு அந்த ஐம்பதுதான் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது 95-ஐ எடுங்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஐஎம்டிபி என்ற தளத்தில் பத்துக்கு இத்தனை என்று வருவது பார்த்தவர்கள் போட்ட ஓட்டின் சராசரி. அதுவும் நேர்ச் சராசரி இல்லை, எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள், எப்படி என்று முழுசாகச் சொல்வதில்லை. படம் வந்த முதல் வாரத்தில் அதைப் பார்க்காதீர்கள். முதலில் ஓடிவந்து ஓட்டுப் போடுகிறவர்கள் ரசிகர்களும் எதிரிகளும்தான். நான் பத்துக்குப் பத்தையும் ஒன்றையும் தள்ளிவிட்டு, ஐந்தும் ஆறும் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் நாலு வாசிப்பேன். "முதல் அரை மணி நேரம் நகரவில்லை, அப்புறம் பிடித்துக்கொண்டது" மாதிரி உபயோகமான சங்கதி அங்கேதான் கிடைக்கும்.

பலூன் பிரச்சினைக்கு: ஐஎம்டிபியிலேயே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் 'பேரன்ட்ஸ் கைடு' என்று ஒரு பகுதி உண்டு. பாலியல் காட்சி, வன்முறை, கெட்ட வார்த்தை, பயமுறுத்தும் காட்சி என்று தலைப்புப் பிரித்துப் பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். இரண்டு நிமிட வேலை. கதை கொஞ்சம் வெளியே தெரிந்துவிடும். கண்ணாடி துடைப்பதற்கு அது மேல்.

இன்னொன்று. ஒரே படத்துக்குப் பல போஸ்டர் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர் முன்பு என்ன பார்த்தார் என்பதைப் பொறுத்து மாற்றிக் காட்டுகிற வழக்கம் ஓடிடிகளில் உண்டு. உங்கள் மகன் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் எல்லாம் அதே கணக்கில் இருந்தால், உங்களுக்குப் பலூன் குழந்தை வந்ததில் ஆச்சரியம் இல்லை. வேறு வீட்டுக்கு அதே படம் வேறு முகத்தோடு போயிருக்கலாம். சனிக்கிழமைக்கு என்று தனி புரொஃபைல் ஒன்று ஆரம்பியுங்கள். நாலு பேரும் சேர்ந்து பார்ப்பதை மட்டும் அதில் பாருங்கள்.

பாதியில்எழுந்தவள்

எனக்கு இந்த மதியத்துக்குள் நாலு பெயர் எழுதி ஒட்டுகிற விஷயம் சரிப்படவில்லை. நாங்கள் செய்து பார்த்தோம், மூன்றே வாரத்தில் அது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. "இன்னிக்கு இதைப் பார்த்தே ஆகணும்" என்றதும் எனக்குத் தலைவலி வந்துவிடும். அது மட்டுமில்லை, ரீவைண்ட் ஐயா, உங்கள் வெள்ளிக்கிழமைக்காரரும் பகலில்தானே வந்து தேர்ந்தெடுத்தார்? இருபது நிமிடத்தில் நின்றுபோனாரே!

எங்கள் வீட்டில் இப்போது ஒரே சட்டம். எதை வேண்டுமானாலும் போடு, இருபத்தைந்து நிமிடம் பார்ப்போம். யாராவது ஒருத்தர் "எனக்கு முடியல" என்றால் நிறுத்திவிடுவோம். சங்கடமே இல்லை. பாதியில் நிறுத்தின படத்துக்குக் கணக்குக் கேட்க யாரும் வரப்போவதில்லை. அப்புறம், ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி பார்ப்பதை என்னவோ தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள் ஒன்பதேகால். நாலாவது தடவை பார்த்தீர்களே, உங்கள் அத்தைக்கும் உங்களுக்கும் அந்த அரை மணி நேரம் நன்றாகத்தானே போயிருக்கும்?

ரீவைண்ட்

பிடித்துவிட்டீர்கள் அம்மா. இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பகலில்தான் தேர்ந்தெடுத்தார், ஆனால் தனியாகத் தேர்ந்தெடுத்தார். அந்த இரவில் கூட உட்காரப் போகிற மனைவியையோ பையனையோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேன்ஸ் படத்தை அந்தம்மா முதலிலேயே அடித்திருப்பார். அடிக்கிற உரிமைதான் என் யோசனையின் உயிர், மதியம் என்பது சும்மா. உங்கள் இருபத்தைந்து நிமிடமும் அதே உரிமைதான், கொஞ்சம் தாமதமாக வருகிறது.

ஒன்பதேகால்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சனிக்கிழமை ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் செட்டிங்ஸ். ஸ்டீரியோ, கிளியர் வாய்ஸ், மோஷனை அணைத்தது, நாற்காலியை முன்னால் போட்டது. அத்தை பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க" என்றார். டிவியைத்தான் குற்றம் சொன்னோம், இரண்டுவரி தம்பிக்கு அவர் சார்பில் நன்றி.

முதல் முறை மகனுடையது. நாலு எழுதினான், மூன்று அடிபட்டு '12 ஆங்ரி மென்' மிஞ்சியது. ரீவைண்ட் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சேர்த்திருக்கிறான், மற்ற மூன்றும் சண்டைப் படங்கள், அடிபடும் என்று தெரிந்தே போட்டானாம். கணவர் கடைசி வரை விழித்திருந்தார். நடுவில் ஒருமுறை "பதினொண்ணுக்கு ஒண்ணு" என்று தானாகவே எண்ணிக்கொண்டிருந்தார்.

போன வாரம் அத்தையின் முறை. நாலு பெயரையும் தன் கையாலேயே எழுதினார், நாலும் கறுப்பு வெள்ளை. மிஞ்சியது 'அந்த நாள்'. 1954-இல் வந்தது, பாட்டே கிடையாது என்றதும் மகனுக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார், சுட்டது யார் என்பதுதான் மிச்சப் படம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் என்பதால் பாதியில் அணைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தோம்.

அந்த ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் வீடு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது. மகன் தம்பியைச் சந்தேகப்பட்டான், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரை. கணவர் வேலையிலிருந்து போன் செய்து, "அவனாதான் இருக்கும், கணக்கு சரியா வருது" என்றார். அத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. சின்ன வயதில் பார்த்திருக்கிறார், கொலையாளி யார் என்று தெரியும். மகன் காலைப் பிடித்தான், கெஞ்சினான், தப்புத் தப்பாகச் சொல்லி வாயைக் கிளறப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு இரவு படம் முடிந்ததும் மகனுக்குப் பேச்சு வரவில்லை. அத்தை எழுந்து போகும்போது, "நாலாவது தடவை, இப்பதான் எல்லா வசனமும் கேட்டுச்சு" என்றார்.

இந்த வாரம் கணவரின் முறை. நாலு பெயர் ஒட்டியிருக்கிறார், நாலுமே மூன்று மணி நேரத்துக்குக் குறையாதவை. ஒன்றைத்தான் என்னால் அடிக்க முடியும்.